தேறல் என்னும் சொல்லும் ஒயின் என்னும் சொல்லும்

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் எங்ஙனம் கருவிகளாகின்றனவோ, அங்ஙனமே அம்மக்கள் நாவில் வழங்கும் சொற்களும் கருவிகளாம். கல்வெட்டு, மன்னர் சொல்ல விரும்பியதைச் சொல்லும். சொல்லோ, மக்கள் தாம் சொல்ல எண்ணாததையும் சொல்லிவிடும். இம்முறை பற்றி, இக்காலத்தே ‘ஒயின்’ என்று பலரும் வழங்கும் சொல்லையும், அதற்கு நிகராக நம் முன்னோர் வழங்கிய ‘தேறல்’ முதலிய சொற்களையும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

குலச்சங்கத்தின் திங்களிதழில் இத்தகைய பொருளை எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். தகும் என்பதே எம் கருத்து. ஏனெனில், நம்மவர் இல்லங்களிலும் கூட்டங்களிலும் இரண்டு கூற்றுக்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. ‘ஒயின் என்பது வெறும் பழச்சாறுதானே; அதனால் கேடென்ன? குருதி ஊறுமன்றோ?’ என்பது ஒன்று. இதனைப் பிள்ளை பெற்ற தாய்மார்க்கும் சிலர் அறிவுரையாகக் கூறுகின்றனர். ‘சங்கப் புலவரும் மன்னரும் உண்டு மகிழ்ந்ததை நாம் உண்டால் மட்டும் குற்றமோ?’ என்பது மற்றொன்று. இதனைக் கூறுவோர் கல்வி கற்ற நம் இளைஞர்களே. இவ்விரு கூற்றும் சொல்லை அறியாமையாற் பிறந்தனவாகலின், சொல்லாராய்ச்சியே இவற்றிற்கு ஏற்ற விடையாகும்.

முதற்கண் நம்மூர்ப் பெயரினின்றே தொடங்குவோம். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிலே தன் பகைவரை வென்ற போர்க்களம் தெள்ளாறு. அவ்வெற்றியால் அவன் ‘தெள்ளாறெறிந்த’ என்னும் அடைமொழி பெற்றான். அவன்மேற் பாடப்பெற்ற நந்திக்கலம்பகமும் இவ்வூர்ப் பெயரை நிலைபெறச் செய்தது. இன்று தெள்ளார் என மருவி வழங்கும் இப்பெயர் தெள்ளிய ஆறு என விரியும். தெள்ளுதல், தெளிதல், தேறுதல் என்பன யாவும் தெளிவு என்னும் ஒரு பொருளைச் சார்ந்த சொற்கள். கலங்கிய நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறத்தே தேய்க்கும் கொட்டையைத் தேற்றாங்கொட்டை என்கிறோமன்றோ? மனம் தெளிந்து நம்புதலைத் தேறுதல் என்கிறோமன்றோ? அத் தேறு என்னும் பகுதியிற் பிறந்ததே தேறல். வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நின்ற பானம் என்பது அதன் பொருள். தெளிந்தது பானமேயன்றி, அதனைப் பருகினோன் அறிவன்று. இதனை முதலிலேயே மனத்திற் கொள்ளவேண்டும்.

பழந்தமிழில் இவ்வகைப் பானங்கட்கு வழங்கிய பெயர்களை நோக்கினால் ஓர் உண்மை தெற்றென விளங்கும். பிழியப்பட்டது பிழி. அரிக்கப்பட்டது, அஃதாவது வடிகட்டப்பட்டது, அரியல். தெளிந்தது தேறல். நறுமணம் உடையது நறவு. இல்லத்திலே நெல்லரிசி கொண்டு சமைத்தது தோப்பி. இப்பெயர்களுட் பல, பொருள் செய்யப்பட்ட முறையையோ அதன் இயல்பையோ தாமே அறிவிப்பன. பெயரைக் கேட்டவன் பொருளை அறிந்தான். பெயருக்கும் பொருளுக்கும் இடையே மறைப்பு இல்லை.

இச்சொற்கள் நம் தொண்டை நாட்டிலே எங்ஙனம் வழங்கின என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் இப்பானம் சமைக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்பட்டுள்ளது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி அட்டு, அகன்ற வாயுள்ள தட்டிலே ஆற்றி, முளையிட்ட நெல்லாற் செய்த அடையை அதனொடு கலந்து, வாய் வலிய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, முதிர்ந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுப்பர் என்பது அதன் கருத்து. முளையிட்ட தானியத்தின் துணைகொண்டு மாப்பொருளை இனிப்பாக்கிப் புளிக்கவைக்கும் இம்முறையே, மேனாட்டார் வாற்கோதுமையாற் பீர் செய்யும் முறைக்கும் அடிப்படையாம். இனி, நம் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சார்ந்த செங்கத்தின்கண் ஆண்ட நன்னன்மேற் பாடப்பெற்ற மலைபடுகடாம், மலைவாழ்நர் மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறலைக் கூறும். திருமுருகாற்றுப்படையும் மூங்கிலில் விளைந்த தேன் தேறலைக் கூறும். எனவே, அரிசியும் தேனும் நம் நாட்டுப் பானங்கட்கு முதலாயின. பனையும் தென்னையும் பிற்காலத்தே பெரிதும் முதலாயின. இவற்றுள் ஒன்றேனும் திராட்சையாற் செய்யப்பட்டதன்று.

அங்ஙனமாயின், திராட்சையாற் செய்யப்பட்ட உண்மையான ஒயினைப் பழந்தமிழர் அறிந்திருந்தனரோ எனின், அறிந்திருந்தனர். புறநானூற்றின் 56-ஆம் பாட்டு, பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடியது. அதன்கண், யவனர் கலத்திற் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, மன்னன் நாளும் உண்டு இனிது வாழ்க எனப் புலவர் வாழ்த்துகின்றார். உ. வே. சாமிநாதையர் அவர்கள் புறநானூற்றை 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டபோது, இச்செய்தியைக் கண்டு வியந்தோர் பலர். புலவர் புதுச்சொல் ஒன்றை யவனரிடமிருந்து கடன்வாங்காது, தேறல் என்னும் தமிழ்ச் சொல்லையே அப்பொருளுக்கு வழங்கியமை நோக்கத்தக்கது. ஆயினும், யவனர் தந்தது என்னும் அடை கொடுத்து, நம் நாட்டுத் தேறலினின்றும் அதனை வேறுபடுத்தியும் காட்டினார். புலமையாவது இதுவே. பொதுமை தோன்றச் சொல் ஒன்று. வேற்றுமை தோன்ற அடை ஒன்று.

இப்பாட்டு வெறும் புனைந்துரை அன்று என்பதை மண் சான்று கூறியது. புதுச்சேரிக்கு அணித்தே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் 1945-ஆம் ஆண்டில் அகழ்ந்தார். அவருக்குப்பின் கசால் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அகழ்ந்தனர். ஆங்குக் கிடைத்தவற்றுள் ‘ஆம்போரா’ எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் பல. அவற்றுட் பெரும்பாலன ஒயின் கொண்டுவந்தவை. சில ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் கொண்டுவந்தவை. கிரேக்க நாட்டைச் சார்ந்த கோஸ் என்னும் தீவின் சாடி வகையும் அவற்றுள் உண்டு. அத்தீவார் ஒயினிற் சிறிது கடல்நீர் கலப்பது வழக்கம். சென்னைக்குத் தெற்கே கடற்கரையிலுள்ள வசவசமுத்திரத்திலும் இத்தகைய ஓடுகள் கிடைத்தன. ரோமானியச் சாடிகள் என முன்னர் எண்ணப்பட்ட ஓடுகளுட் சில மெசொப்பொத்தேமியா நாட்டுச் சாடிகளைச் சார்ந்தவை எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் தெளிவித்தனர். பொருளை உற்றுநோக்கிப் பெயரைத் திருத்துதலே கல்விக்கு அழகென்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஈண்டு நம் மரபினர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய ‘செங்கடற் பெரிப்புளூஸ்’ என்னும் நூல், சேரநாட்டு முசிறித் துறைக்கு வந்த பொருள்களிடையே ஒயினையும் வைத்து, அது மிகுதியாக அன்று என்றும் குறிக்கின்றது. அந்நூலே, உறையூர்ப் பெயரால் வழங்கிய மெல்லிய ஆடைகள் சோழநாட்டிலிருந்து ஏற்றுமதியாயின என்றும் கூறுகின்றது. வந்த ஒயின் சிறிது. அதனை உண்டோர் மன்னரும் செல்வருமாகிய சிலர். சென்ற ஆடையோ தறியில் இருந்த நம்போன்ற மக்கள் கைப்பட நெய்தது. அரிக்கமேட்டிற் கண்ட செங்கல் தொட்டிகளைச் சாயத் தொட்டிகள் என வீலர் கருதினார். பின்வந்தோர் சிலர் அக்கருத்தை ஐயுற்றனர். அஃது எங்ஙனமாயினும் ஆகுக. தமிழர் கைத்தொழிலின் புகழைக் கடல் கடத்தியது துணியே. ஆகலின், பழம்பெருமை பேச விரும்பும் நம் இளைஞர், சாடியைக் காட்டிப் பெருமை பேசுதலினும் தறியைக் காட்டிப் பெருமை பேசுதல் சாலச் சிறந்ததாகும்.

நிற்க. இனி ஒயின் என்னும் சொல்லின் பிறப்பை நோக்குவோம். ஆங்கிலர் வழங்கும் இச்சொல், இலத்தீன் மொழியின் ‘வீனும்’ என்பதினின்றும் வந்தது. கிரேக்கர் ‘ஒய்னோஸ்’ என்றனர். அதன் பழைய வடிவம் வகர ஒலியோடு ‘வொய்னோஸ்’ என நின்றது. எபிரேயர் ‘யாயின்’ என்பர். ஜார்ஜியா நாட்டார் ‘க்வினோ’ என்பர். இவை யாவும் ஒலியால் நெருங்கிய உறவுடையன. அந்த ஜார்ஜியா நாட்டிலேதான், கி.மு. 6000 அளவிலான மட்கலங்களில் திராட்சை ஒயினின் எச்சங்கள் உள்ளன என 2017-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இத்தனை மொழிகளிலும் இச்சொல் சுட்டிய பொருள் ஒன்றே. திராட்சைச் சாறு புளித்து முதிர்ந்த பானம். பிற பானங்கட்கு அம்மக்கள் வேறு பெயர் வைத்தனர்.

கிரேக்கர் ஒயினை நீர் கலந்தே உண்டனர். நீர் கலவாது உண்பவனை நாகரிகம் அறியாதவன் என இகழ்ந்தனர். இவ்வழக்கம் எவ்வளவு வேரூன்றியதெனின், இக்காலக் கிரேக்க மொழியில் ஒயினுக்குப் பெயர் ‘கிராசி’ என்பதாம். அதன் அடிப்பொருள் கலப்பு என்பதே. நீர் கலத்தலாகிய கட்டுப்பாடே பொருளின் பெயராய் நிலைத்துவிட்டது. நம்மவர்க்குத் தேறலை அளித்த யவனர், அளவையும் ஒழுங்கையும் தம் சொல்லிலேயே காத்தனர் என்பதை மறவற்க.

இனி மது என்னும் சொல்லுக்கு வருவோம். இது வடசொல். வேதகால வழக்கில் இதற்கு இனிமை, தேன் என்பன பொருள். இதனோடு ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவை, ஒயினைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘மெத்து’ என்பதும், தேனாற் செய்த பானத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘மீட்’ என்பதும் ஆம். தமிழிலும் தேனுக்கும் கள்ளுக்கும் பொதுவான பெயர்கள் பல. தேறல், நறவு, மது என்பன இரண்டையும் குறிக்கும். ஏன், கள் என்னும் சொல்லே மலரிலுள்ள தேனையும் குறிக்கும். ஆகலின், பழம்பாட்டில் இச்சொற்களைக் கண்ட இடமெல்லாம் மயக்கம் தரும் பானம் என்று கொள்ளுதல் பிழையாம். கள் ஒழுகும் மலர் என்ற இடத்திற் கள்ளுக்கடையைக் காண்பவன் தமிழ் கற்றவன் ஆகான்.

சங்கப் பாடல்களைக் காட்டுவோர்க்கு மற்றுமோர் உண்மையையும் கூறவேண்டும். அப்பாடல்களிற் பானம் உண்டு என்பது மெய்; அதனை மறைத்தல் புலமைக்கு இழுக்கு. ஆனால், அப்பழம் மரபின் வழிவந்த தமிழே, பின்னர்த் தன்னைத் தான் ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்தது என்பதும் மெய். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அது 93-ஆம் அதிகாரம். அதனை அவர் வைத்த இடம் அறத்துப்பாலன்று, பொருட்பால். வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே அதனை நிறுத்தினார். கள் பாவம் என்று சொல்லி நிறுத்தாது, குடியின் பொருளையும் மானத்தையும் கெடுப்பது என்று காட்டுவதே அவர் கருத்தென்பது இவ்வைப்புமுறையால் விளங்கும். பெற்ற தாயின் முகத்தில் நின்று எண்ணிப் பார் என்றார், நஞ்சுண்பாரோடு ஒப்பிட்டார். திருமூலரும் திருமந்திரத்திற் கள்ளுண்ணாமை என ஒரு பகுதி அமைத்து, உண்ணத்தக்க தேறல் சிவானந்தமே எனத் தேறல் என்னும் அச்சொல்லையே மேலான பொருளுக்கு உயர்த்தினார். புறநானூற்றை ஏற்று வள்ளுவரை விடுவேன் என்பவன், பாவை ஏற்று ஊடையை விடுவேன் என்னும் நெசவாளனை ஒப்பான். அவனுக்குத் துணி கிடைப்பதில்லை.

ஐரோப்பியர் வரவுக்குப்பின் இச்சொல்லின் வரலாறு வேறு வழியிற் செல்கின்றது. கிறித்தவ வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்தோர், ஒயின் என வரும் இடங்களில் ‘திராட்சரசம்’ என்னும் தொடரை அமைத்தனர். ரசம் என்பது சாறு. புளித்ததோ புளியாததோ என்பதை அச்சொல் அறிவியாது. வழிபாட்டிற்குரிய பொருளாகலின் அம்மொழிபெயர்ப்பு அடக்கமும் தூய்மையும் உடையதாய் அமைந்தது. ஆனால், ‘ஒயின் வெறும் பழச்சாறே’ என நாம் மேலே குறித்த எண்ணத்திற்கு, பொதுமக்களிடையே இச்சொல்லமைப்பும் ஒருவாறு இடங்கொடுத்தது போலும். சாறு வேறு, ஒயின் வேறு என்பதை அறிக. சாற்றிலுள்ள சர்க்கரையை நொதி உண்டு ஆல்கஹாலாக மாற்றுகின்றது. அங்ஙனம் மாறியபின் அது சாறன்று. வைத்தியர் தரும் திராட்சாரிஷ்டம் முதலிய அரிஷ்ட வகைகளிலும் நொதித்தலாற் பிறந்த ஆல்கஹால் உண்டு. அவை மருந்தளவில், மருத்துவர் கூறிய நாளளவில் உண்ணத்தக்கவை. தாய்ப்பால் ஊட்டும் பெண்டிர் உண்ட ஆல்கஹால் பாலிலும் கலக்கும் என்பது மருத்துவர் அறிந்த உண்மை. குருதி ஊறவேண்டுமாயின் கீரையும் பயறும் பேரீச்சையும் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் உள்ளன. பிள்ளை பெற்றாளுக்கு ஒயின் கொடுங்கள் என்பாரை நம் தாய்மார் அஞ்சாது மறுப்பாராக.

அடுத்து, வடித்தல் என்னும் தொழில் வந்தது. புளித்த பானத்தைக் காய்ச்சி, அதன் ஆவியைக் குளிர்வித்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது இத்தொழில். ஒல்லாந்தர் ஒயினைக் காய்ச்சி வடித்ததற்கு ‘எரித்த ஒயின்’ எனப் பொருள்படத் தம் மொழியில் ‘பிராந்தவைன்’ எனப் பெயரிட்டனர். அதுவே ஆங்கிலர் வாயிற் ‘பிராந்தி’ ஆயிற்று. எனவே பிராந்தி என்பதன் உள்ளும் ஒயின் என்னும் சொல் ஒளிந்து கிடக்கின்றது. ஆனால் நம் நாட்டிற் பிராந்தி என்றும் விஸ்கி என்றும் விற்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவற்றிற்கு முதலாவது திராட்சையுமன்று, வாற்கோதுமையுமன்று. கரும்பாலையிற் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகுக் கழிவினின்றும் வடித்த சாராவியே. சொல்லில் திராட்சை, பொருளிற் கரும்புக்கழிவு.

அளவையும் சிறிது நோக்குவோம். கள்ளில் ஆல்கஹால் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு. ஒயினில் ஏறத்தாழ 12 பங்கு. புளித்தலால் மட்டும் இவ்வளவு ஏறத்தாழ 15 பங்குக்குமேற் செல்வது அரிது; ஏனெனில், தான் உண்டாக்கிய ஆல்கஹாலே நொதியை மடியச் செய்யும். இந்நாட்டு அயல்வகை மதுவென இன்று விற்கப்படுவதிலோ 42.8 பங்கு உளது. சங்கப் புலவர் பாடிய தோப்பியும் தேறலும் புளித்துத் தெளிந்தவை. எனவே, ‘முன்னோர் உண்டதையே யானும் உண்கின்றேன்’ என்பவன், ஆராய்ந்து பார்த்தால், முன்னோர் உண்டதைக் கண்ணாலும் காணாதவன். மது என்னும் ஒரு சொல் 5 பங்குக்கும் 42.8 பங்குக்கும் பொதுவாய் நின்று அவனை மயக்குகின்றது. பானம் மயக்குமுன் சொல் மயக்கிவிட்டது.

இனி நம் மாநிலத்து வரலாறு. இராஜாஜி அவர்கள் சென்னை மாகாணத்து முதன்மை அமைச்சராய் இருந்த காலத்தே, 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கப்பெற்றது. அடுத்து 1938-இற் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939-இல் நம்மூர் அன்று சார்ந்திருந்த வட ஆர்க்காடு ஜில்லாவுக்கும் அது விரிந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003-ஆம் ஆண்டிறுதியிற் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அதற்குமுன் தனியார் நடத்திய கடைகளின் பலகைகளிலே ‘ஒயின்ஸ்’ என்றும் ‘ஒயின் ஷாப்’ என்றும் எழுதப்பெற்றிருந்தன. பலகைகள் மாறியபின்னும் மக்கள் நாவில் ‘ஒயின் ஷாப்’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

இப்பெயரின் விந்தையை நோக்குமின். அக்கடைக்குச் செல்வோருட் பெரும்பாலோர் ஒயினை ஒருநாளும் வாங்கியறியார். கள்ளுக்கடைக்குப் போகின்றேன் என்று மனைவி மக்களிடம் கூற நாணுபவன், ஒயின் ஷாப்புக்குப் போகின்றேன் என்று நாணாது கூறுகின்றான். சாராயம் என்னும் சொல்லில் இருந்த அருவருப்பை ஒயின் என்னும் சொல் துடைத்துவிட்டது. சொல் கடன் கொடுத்த மதிப்பு அது. அக்கடனுக்கு வட்டி கட்டுவோரோ அவன் மனைவியும் மக்களும். சேலைக்கு இத்தனை என்று கூலி பெறும் தறிக்காரன் இல்லத்தில், பாவு ஏறிய தறி இரண்டு நாள் அசையாது கிடந்தால், அடுப்பும் இரண்டு நாள் அசையாது கிடக்கும் என்பதை நாம் சொல்லித்தான் நம்மவர் அறியவேண்டுமோ?

சொல்லின் மயக்கம் பொருளை மட்டுமன்றி உயிரையும் கொள்ளும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று இரண்டு. நம்மூருக்குத் தென்கிழக்கே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சில ஊர்களிலும், 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நச்சுச் சாராயத்தால் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்மேற்கே கள்ளக்குறிச்சியில், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிடத்தும் உயிர் கொண்டது ‘மெத்தனால்’ என்னும் நஞ்சு. அது வர்ணம் முதலியன செய்யும் தொழிற்சாலைகளிற் பயன்படுவது. அதன் பெயர் வந்த வழியைக் கேண்மின். 1835-ஆம் ஆண்டளவில் தூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர், மரத்தைக் காய்ச்சி வடித்த அப்பொருளுக்குப் பெயரிடப் புகுந்து, ஒயினைக் குறிக்கும் ‘மெத்து’ என்னும் கிரேக்கச் சொல்லையும் மரத்தைக் குறிக்கும் ‘ஹூலே’ என்னும் சொல்லையும் இணைத்தனர். மர ஒயின் என்பதே அதன் பொருள். அந்த ‘மெத்து’ நம் மது என்னும் சொல்லின் உடன்பிறப்பு என மேலே கண்டோம். தேனைக் குறித்துப் பிறந்த சொல், பானத்தைக் குறித்து வளர்ந்து, நஞ்சின் பெயரிலே சென்று முடிந்தது!

மெத்தனால் நிறத்தாலும் மணத்தாலும் சாராவியை ஒத்திருத்தலின் நாவினால் அதனை அறிய இயலாது. உண்டபின் உடலில் அது பார்மிக் அமிலமாக மாறும். கண்ணின் நரம்பைத் தாக்கிப் பார்வையைக் கெடுக்கும். பின் உயிரையும் கொள்ளும். உண்டவுடன் குறி தோன்றாது, பல மணி நேரம் கழித்தே தோன்றுதலும் உண்டு. ஆகலின், கண் மங்கல், வயிற்றுவலி, மூச்சு முட்டல் ஆகியவை தோன்றின், மானத்திற்கு அஞ்சி மறைக்காது, அந்நொடியே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. உண்டதை உள்ளவாறு மருத்துவரிடம் கூறுக. முறிமருந்தும் குருதி சுத்திகரிப்பும் உரிய காலத்தே கிடைப்பின் உயிர் பிழைக்க வழியுண்டு. மறைத்த சொல்லால் இறப்பதினும், உள்ள சொல்லைக் கூறி வாழ்தல் நன்று.

இதுகாறும் கூறியவற்றை நம் தொழிலின்மேல் வைத்து நோக்கினால் எளிதில் விளங்கும். செயற்கை நூலால் நெய்ததைப் பட்டென்றும், போலிச் சரிகையைக் கெட்டிச் சரிகையென்றும் ஒருவன் விற்றால் நாம் பொறுப்போமோ? ஓர் இழையை எரித்து, முடி கருகும் நாற்றம் உளதா, சாம்பல் விரலில் நொறுங்குகின்றதா எனச் சோதித்து அவனை வெளிப்படுத்துவோமன்றோ? ஆரணிப் பட்டென்னும் பெயரும் காஞ்சிப் பட்டென்னும் பெயரும் புவிசார் குறியீட்டுச் சட்டத்தாற் காக்கப்பெறுகின்றன. 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அச்சட்டத்திற்கு அடியாக நின்ற 1994-ஆம் ஆண்டின் உலக வணிக ஒப்பந்தம், எல்லாப் பொருள்களினும் ஒயின், சாராவி வகைகளின் பெயர்கட்கே தனிக்காவல் கொடுத்துள்ளது. ஷாம்பேன் என்னும் பெயரைப் பிரெஞ்சு நாட்டின் அப்பகுதி ஒயினுக்கன்றிப் பிறவற்றிற்கு இடலாகாது என அந்நாட்டார் வழக்காடிக் காக்கின்றனர். ஒயினைச் செய்வோர் அதன் பெயரை அத்துணை மதித்துக் காக்க, அதனைச் செய்யாத நாம் அப்பெயரைக் கண்ட பொருளுக்கெல்லாம் வாரி வழங்குதல் எத்துணைப் பேதைமை!

எனவே, நம் சங்கத்து அன்பர்கட்கு யாம் விண்ணப்பிப்பன மூன்று. நம் இல்லங்களில் எப்பொருளையும் அதன் உண்மைப் பெயரால் வழங்குவோமாக. சாராவியைச் சாராயம் என்றே கூறுவோமாக. சங்க நூல்களைக் குடிக்குச் சான்றாகக் காட்டும் இளைஞர்க்கு, அந்நூல்களையே முழுதும் கற்பிப்போமாக. அரைகுறையாகக் கற்ற தமிழே அவர்க்கு மயக்கம் தருவது, முற்றக் கற்ற தமிழ் தெளிவே தரும். மூன்றாவது, குடிப்பழக்கத்தில் வீழ்ந்த நம்மவரைச் சங்கம் இகழ்ந்து ஒதுக்காது, நோயாளர் எனக் கருதி அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்வதாக. அவர் தறி நின்ற நாட்களில் அவர் மக்களின் பள்ளிக் கட்டணத்தையும் உணவையும் கவனிப்பதாக.

தெளிவைக் குறிக்கும் பெயர்கொண்ட ஊரில் நாம் வாழ்கின்றோம். தெளிவைக் குறிக்கும் சொல்லால் நம் முன்னோர் ஒரு பானத்தை அழைத்தனர். அப்பானம் நமக்கு வேண்டுவதன்று. அச்சொல்லின் பொருள் வேண்டும். அதனை நம் குடும்பந்தோறும் நிலைபெறச் செய்தலே இச்சங்கத்தின் கடமையாகும்.